துரத்தப்பட்ட பாடகர் தனிக்கடை போட்டார்! துரத்தியவர்கள் அவருக்கு முன்னால் வந்து வாசித்தார்கள்!

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் கோஸ்டா மேசா என்று ஒரு ஊர். 1992-ம் ஆண்டு நவம்பர் மாதம் 15-ந் தேதி இரவு. அங்கே உள்ள திறந்தவெளி அரங்கில் பெரிய கச்சேரி.

அன்றைய நாயகன் ஓஸி ஆஸ்போர்ன். இங்கிலாந்துக்காரர். அப்போது அவருக்கு வயது 43. "இதோடு மேடைக்கு முழுக்கு" என்று அறிவித்து விட்டு, ஊர் ஊராகப் பாடிக் கொண்டு வந்தார்.

பெரிய பாடகர் மேடை ஏறுவதற்கு முன்னால் வேறு ஒரு கோஷ்டி வாசிக்கும். கூட்டம் வந்து உட்காரும் வரை ஒப்பேற்ற வேண்டும் அல்லவா? அது அங்கே வழக்கம். அன்று அப்படி முன்னால் வாசிக்க வந்தது யார் தெரியுமா?

பிளாக் சபத்!

13 வருடத்துக்கு முன்னால் இதே ஓஸியை, இனி நீ வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிய கோஷ்டி!

துரத்தியவர்கள் முதலில் வாசிக்க வேண்டும். துரத்தப்பட்டவர் கடைசியில் ராஜா போல வருவார். இதை ஒப்புக்கொள்ள முடியாது என்று ஒருவர் முறைத்துக் கொண்டு போய் விட்டார். அவர் ரோனி ஜேம்ஸ் டியோ. அப்போது பிளாக் சபத்தின் பாடகர். பாடகர் இல்லாமல் கச்சேரி ஏது? ஜூடாஸ் பிரீஸ்ட் கோஷ்டியில் பாடிப் புகழ் பெற்ற ராப் ஹால்போர்டை அழைத்து வந்து சமாளித்தார்கள்.

கூட்டாக நடத்திய கடை உடைந்தால் என்ன ஆகும் என்று நம் கடைவீதியில் கேட்டுப் பாருங்கள். சரக்கைப் பிரிக்கலாம். பாக்கியைப் பிரிக்கலாம். போர்டை எப்படிப் பிரிப்பது? பிளாக் சபத்தின் 4 பாகஸ்தர்களும் ஒவ்வொரு காலத்தில் தனிக்கடை போட்டுப் பார்த்தவர்கள்தான். ஆனால் அந்தப் பழைய போர்டு அவர்களை விடவே இல்லை.

ஒரே பேட்டை

இங்கிலாந்தின் நடுவில் இருக்கிறது பர்மிங்காம் நகரம். பட்டறையும் தொழிற்சாலையும் நிறைந்த ஊர். அதில் ஆஸ்டன் என்று ஒரு பேட்டை. தொழிலாளர்கள் குடியிருக்கும் இடம். 4 பேரும் அங்கே வளர்ந்த பையன்கள்.

கிட்டார், டோனி அயோமி. பாஸ் கிட்டார், கீசர் பட்லர். டிரம், பில் வார்டு. பாட்டு, ஓஸி. (பெயர்தான் ஓஸி. அவர் கச்சேரிக்கு ஓசியில் போக முடியாது!)

அயோமி தகடு பட்டறையில் வேலை பார்த்தவர். 17 வயது. வேலையை விட்டு நிற்கப் போகும் கடைசி நாள். எந்திரத்தில் கை சிக்கியது. வலது கையில் நடு விரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போச்சு.

அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். அதனால் கிட்டார் கம்பியை அழுத்த வேண்டியது வலது கை. அந்த விரல்தான் போய் விட்டது. இனி கிட்டாரை மறந்து விடு என்றார்கள். அயோமி மறக்கவில்லை. பாத்திரம் தேய்க்கிற சோப்புத் தண்ணீர் வரும் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதே, அதை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தார். அதன் மேல் தோலை ஒட்டினார். அப்படியும் வலித்தது. மெல்லிய கம்பி போட்டார். பிறகு கம்பியின் முறுக்கையும் தளர்த்தினார். தளர்த்தியதும் சத்தம் கீழே இறங்கிக் கனத்தது. அடிவயிற்றில் இடி இடிப்பது போல ஒரு நாதம்! "ஹெவி மெட்டல்" என்று உலகம் முழுவதும் பிள்ளைகள் தலையை ஆட்டுகிறார்களே, அந்தச் சத்தத்துக்கு இந்த வெட்டுப்பட்ட விரலும் ஒரு காரணம்.

ஓஸியின் கதை வேறு மாதிரி. கசாப்புக் கூடத்தில் வேலை. கார் ஹாரன் சரியாக ஒலிக்கிறதா என்று காதால் கேட்டுப் பார்க்கிற வேலை. எதிலும் நிலைக்கவில்லை. திருட்டு வழக்கில் மாட்டினார். அபராதம் கட்டக் கையில் காசு இல்லை. அப்பாவும் கட்ட மறுத்து விட்டார். பையனுக்குப் புத்தி வரட்டும் என்று நினைத்தார். 6 வாரம் ஜெயில்!

இந்த 4 பேரும் சேர்ந்து போட்ட முதல் இசைத்தட்டு 1970-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி வந்தது. வெள்ளிக்கிழமை. 13-ந் தேதி வெள்ளிக்கிழமையில் வந்தால் வெள்ளைக்காரர்கள் பயப்படுவார்கள். அதனாலேயே அந்த நாள்! பாட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் பதிவு செய்து முடித்தார்கள். அதே ஆண்டு வந்த "பாரனாய்டு" இசைத்தட்டு இங்கிலாந்தில் முதல் இடத்தைப் பிடித்தது.

பணம் வந்தது. கூடவே குடியும் போதை மருந்தும் வந்தன.

நண்பனிடம் சொல்லி அனுப்பினார்கள்

1979-ம் ஆண்டு ஏப்ரல் 27-ந் தேதி. கோஷ்டி அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் தங்கி இருந்தது. புது பாட்டு எதுவும் உருவாகவில்லை. ஓஸி எந்நேரமும் போதையில் கிடந்தார். மற்றவர்கள் மட்டும் என்ன உத்தமர்களா? அவர்களும் குடித்தவர்கள்தான். நான் மட்டும் தனியாகக் கெட்டுப் போகவில்லை என்று ஓஸி பிற்காலத்தில் பல முறை சொன்னார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கடைசியில் கணக்கு தீர்க்கப்பட்டது அவருக்குத்தான்.

தகவலைச் சொல்ல அனுப்பப்பட்டவர் பில் வார்டு. 4 பேரில் ஓஸிக்கு மிகவும் நெருங்கியவர்! நெருங்கிய நண்பனை விட்டு வேலை நீக்கம் சொல்ல வைத்தால் கேட்பவனுக்கு எப்படி இருக்கும்?

ஓஸி ஓர் ஓட்டலில் அறை எடுத்தார். 3 மாதம் வெளியே வரவில்லை. குடித்துக் கொண்டே இருந்தார். கையில் இருப்பது தீரட்டும், பிறகு ஊருக்குப் போய் அரசாங்கம் கொடுக்கும் உதவிப் பணத்தில் காலத்தை ஓட்டலாம் என்பது அவர் போட்ட கணக்கு.

அங்கே வந்தார் சரோன் ஆர்டன். பிளாக் சபத்தின் மானேஜர் டான் ஆர்டனின் மகள். அப்பா கோஷ்டியைப் பார்த்துக் கொள்ள, மகள் துரத்தப்பட்டவனைத் தூக்கி நிறுத்தக் கிளம்பினார். எழுந்து நில், உன் பெயரில் தனியாகப் போடலாம் என்றார். 1982-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி ஹவாய் தீவில் இருவருக்கும் திருமணம். மாமனாருக்கும் மருமகனுக்கும் ஆகவில்லை. அப்பாவுக்கும் மகளுக்கும் பல வருடம் பேச்சே இல்லை.

வாத்தியார் வந்தார்

தனிக்கடை போட வேண்டும் என்றால் சரக்கு வேண்டுமே!  மெட்டை வாயால் முனகுவார். அதைப் பாட்டாக்க ஆள் வேண்டும்.

கிடைத்தார் ரேண்டி ரோட்ஸ். அமெரிக்கப் பையன். ஒல்லி உடம்பு. அவர் தாயார் நடத்திய இசைப் பள்ளியில் சிறுவர்களுக்குக் கிட்டார் சொல்லிக் கொடுத்தவர். மேலை நாட்டு சாஸ்திரிய சங்கீதமும் தெரிந்தவர். பாஸ் கிட்டாருக்கு ஆஸ்திரேலியாக்காரர் பாப் டெய்ஸ்லி. பாட்டு வரிகளையும் பெரும்பாலும் அவரே எழுதினார். டிரம்முக்கு லீ கெர்ஸ்லேக். இவர் ஏற்கனவே யூரியா ஹீப் கோஷ்டியில் வாசித்து அனுபவப்பட்டவர்.

"பிளிசார்டு ஆப் ஓஸ்" என்ற இசைத்தட்டு 1980-ம் ஆண்டு செப்டம்பரில் வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் பிளாக் சபத், புது பாடகர் டியோவை வைத்து "ஹெவன் அண்டு ஹெல்" என்ற இசைத்தட்டை வெளியிட்டிருந்தது. இரண்டும் நல்ல சரக்கு. இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் பழைய கடைக்கு 9-வது இடம். புதுக் கடைக்கு 7-வது இடம்! அமெரிக்காவில் மட்டும் புதுக் கடையின் தட்டு நாளடைவில் 40 லட்சத்துக்கு மேல் விற்றது.

அயோமியின் கிட்டார் மலை போல நகரும். ரேண்டியின் கிட்டார் அணில் போல ஓடும். ஓஸி பழைய சத்தத்தையே திரும்பச் செய்திருந்தால் "சபத்தின் நகல்" என்று ஒதுக்கி இருப்பார்கள். அப்படிச் செய்யவில்லை. தனியாகப் போனவர்களில் இவர் மட்டும் இவ்வளவு பெரிதாக ஜெயித்ததற்கு, என்னைக் கேட்டால், இதுதான் முதல் காரணம். அதற்குரிய பாராட்டில் பாதிக்கு மேல் அந்த ஒல்லிப் பையனுக்குப் போக வேண்டும்.

இந்த இடத்தில் பலருக்கு நினைவு வருவது வேறு. 1981-ல் கம்பெனிக் கூட்டத்தில் புறாவின் தலையைக் கடித்தார். 1982 ஜனவரி 20-ந் தேதி டெமாய்ன் நகரக் கச்சேரியில் ரசிகர் எறிந்த வவ்வாலை ரப்பர் பொம்மை என்று நினைத்துக் கடித்தார். அது நிஜ வவ்வால்! ஆஸ்பத்திரிக்கு ஓடி வெறிநாய்க் கடிக்குப் போடும் ஊசியைப் போட்டுக் கொண்டார். இந்தக் கதைகள் டிக்கெட் விற்க உதவின. பாட்டுக்கு ஒன்றும் உதவவில்லை.

வவ்வால் சம்பவம் நடந்து 2 மாதம் கூட ஆகவில்லை. 1982 மார்ச் 19-ந் தேதி. புளோரிடா மாநிலம் லீஸ்பர்க். கச்சேரிக்குப் போகிற வழியில் பஸ் ஓர் இடத்தில் நின்றது. அங்கே ஒரு குட்டி விமானம் இருந்தது. பஸ்சை ஓட்டி வந்தவருக்கு விமானமும் ஓட்டத் தெரியும். சும்மா ஒரு சுற்று சுற்றி வரலாம் என்று ஆட்களை ஏற்றிக் கொண்டு கிளம்பினார். ரேண்டிக்கு விமானம் என்றாலே பயம். அன்று என்னவோ ஏறி விட்டார். விமானம் தாழப் பறந்தது. பஸ்சின் மேல் இறக்கை உரசியது. பக்கத்து வீட்டுக் கார் ஷெட்டில் மோதித் தீப்பிடித்தது. 3 பேரும் பலி. பஸ்சுக்குள் ஓஸி தூங்கிக் கொண்டிருந்தார்.

ரேண்டிக்கு வயது 25. ஊர் ஊராகப் போகும்போது கூட அந்தந்த ஊர் வாத்தியார்களிடம் கிட்டார் பாடம் கேட்டவர் அவர். ராக் இசையை விட்டு விட்டு சாஸ்திரிய கிட்டாரில் பட்டம் வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்.

அட்டையில் வேறு ஆள் படம்

தனிக்கடையிலும் கூலிக்கு ஆள் உண்டு. கூலித் தகராறும் உண்டு.

"பிளிசார்டு ஆப் ஓஸ்" என்பது எங்கள் கோஷ்டியின் பெயர், நாங்கள் 4 பேரும் சமம் என்றுதான் சொன்னார்கள் என்பது பாப் டெய்ஸ்லியின் வாதம். தட்டு வந்தபோது அட்டையில் ஓஸியின் பெயர்தான் பெரிதாக இருந்தது. அடுத்த தட்டு "டைரி ஆப் எ மேட்மேன்" 1981-ல் வந்தது. வாசித்தது டெய்ஸ்லியும் கெர்ஸ்லேக்கும். ஆனால் அதற்குள் இருவரையும் நீக்கி விட்டார்கள். அட்டையில் போட்டது புதிதாக வந்த இருவரின் பெயரும் படமும்!

அதாவது, பிளாக் சபத்தில் ஓஸிக்கு நடந்தது, ஓஸியின் கடையில் இவர்களுக்கு நடந்தது.

இருவரும் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு வருடக் கணக்கில் இழுத்தது. 2002-ல் இந்த இரண்டு தட்டுகளும் மறுபதிப்பு வந்தபோது ரசிகர்களுக்கு அதிர்ச்சி. டெய்ஸ்லி, கெர்ஸ்லேக் வாசித்ததை அப்படியே அழித்து விட்டு, வேறு ஆட்களை வாசிக்க வைத்துச் சேர்த்திருந்தார்கள்! ரசிகர்கள் கொதித்தார்கள். 2011-ல் வந்த மறுபதிப்பில் பழைய வாசிப்பு திரும்ப வந்தது.

கெர்ஸ்லேக் முதுமையில் புற்றுநோயால் அவதிப்பட்டார். சாவதற்கு முன்னால் ஒரே ஓர் ஆசை என்றார். அந்த இரண்டு இசைத்தட்டுகளும் அத்தனை லட்சம் விற்றதற்காகக் கம்பெனி கொடுக்கும் பிளாட்டினத் தட்டு தன் வீட்டுச் சுவரிலும் தொங்க வேண்டும்! ஓஸிக்கும் சரோனுக்கும் கேட்டு எழுதினார். 2019-ல் தட்டுகள் அவர் கைக்கு வந்து சேர்ந்தன. வாசித்து 38 வருடம் கழித்து! அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவர் இறந்தார்.

ஒரே பாட்டு, இரண்டு வியாபாரி

பழைய கடைக்கு வருவோம். 1982 கடைசியில் ஒரு வேடிக்கை. ஓஸி ஒரு கச்சேரித் தட்டு வெளியிட்டார். அத்தனையும் பிளாக் சபத்தின் பழைய பாட்டுகள். சில வாரத்தில் பிளாக் சபத்தும் "லைவ் ஈவில்" என்று கச்சேரித் தட்டு வெளியிட்டது. அதில் டியோவின் குரலில் அதே பழைய பாட்டுகளில் பல! ஒரு தெருவில் இரண்டு கடை, இரண்டிலும் ஒரே அல்வா.

அந்தத் தட்டைத் தயாரிக்கும்போதே பிளாக் சபத்துக்குள் மறுபடி சண்டை. இரவில் யாருக்கும் தெரியாமல் ஸ்டூடியோவுக்குப் போய்த் தன் குரலை மட்டும் தூக்கி வைக்கிறார் என்று டியோ மேல் சந்தேகம். டியோ மறுத்தார். யார் கேட்டார்கள்? டிரம்மர் வின்னி அப்பீசையும் அழைத்துக் கொண்டு வெளியேறினார். தன் பெயரிலேயே "டியோ" என்று கோஷ்டி தொடங்கினார். 1983 மே மாதம் வந்த அவர்களது முதல் தட்டு "ஹோலி டைவர்" அமெரிக்காவில் 10 லட்சத்துக்கு மேல் போனது.

டியோ பற்றி இன்னொரு விஷயம். கச்சேரியில் ரசிகர்கள் ஆள்காட்டி விரலையும் சுண்டு விரலையும் கொம்பு போல நீட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். அதைப் பரப்பியவர் இவர்தான். இத்தாலி வம்சத்தைச் சேர்ந்த அவர் பாட்டி, கண் திருஷ்டி படாமல் இருக்க அப்படிக் கை காட்டுவாராம். நம் வீட்டில் பூசணிக்காய் சுற்றுவது போலத்தான்!

சொந்தப் பெயருக்குத் தடை

இரண்டு பாடகர்கள் போய்த் தனிக்கடை போட்டு ஜெயித்தார்கள். டோனி அயோமி மட்டும் பழைய போர்டைக் காவல் காத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தார். பில் வார்டு 1980 ஆகஸ்டிலேயே, கச்சேரிப் பயணத்தின் நடுவில், குடியால் உடைந்து போய்க் கிளம்பி விட்டார். பிறகு வந்து வந்து போனார். கீசர் பட்லரும் 1980-களின் நடுவில் விலகி விட்டார்.

சரி, நாமும் நம் பெயரில் ஒரு தட்டு போடலாம் என்று அயோமி நினைத்தார். டீப் பர்ப்பிள் கோஷ்டியில் இருந்த கிளென் ஹியூசைப் பாட வைத்தார். பழைய சபத் சத்தம் இல்லாத வேறு மாதிரிப் பாட்டுகள். தட்டின் பெயர் "செவன்த் ஸ்டார்".

கம்பெனி ஒப்புக்கொள்ளவில்லை. அயோமி என்று போட்டால் யார் வாங்குவார்கள்? பிளாக் சபத் என்று போடு என்றது. 1986 ஜனவரியில் தட்டு வெளியே வந்தது. அட்டையில் "பிளாக் சபத்" என்று இருந்தது. "இதில் டோனி அயோமி வாசிக்கிறார்" என்பது போல ஒரு வால்!

தன் சொந்தத் தட்டில் தானே விருந்தாளி ஆகி விட்டார் மனிதர். ஓஸிக்குப் பழைய பெயர் இல்லை. அதனால் சொந்தப் பெயரில் சம்பாதித்தார். அயோமிக்குப் பழைய பெயர் இருந்தது. அதனாலேயே சொந்தப் பெயரைப் போட முடியவில்லை.

துன்பம் அதோடு நிற்கவில்லை. தட்டு பிளாக் சபத் என்றால் கச்சேரியும் பிளாக் சபத்தாகத்தானே இருக்க வேண்டும்? ஹியூஸ் விருப்பம் இல்லாமலே பழைய பாட்டுகளைப் பாடக் கிளம்பினார். புறப்படுவதற்குச் சில நாள் முன்னால் ஓர் அடிதடி. முகத்தில் அடி. குரல் கெட்டுப் போச்சு. சில கச்சேரிகளிலேயே அவரை மாற்றி விட்டார்கள். அதன் பிறகு பர்மிங்காம்காரர் டோனி மார்ட்டின் வந்து 5 தட்டு பாடினார். பாடகர் மாறிக் கொண்டே இருந்தார். போர்டு மட்டும் மாறவில்லை.

அயோமி தன் பெயரை மட்டும் போட்டு ஒரு தட்டு வெளியிட 2000-ம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டி வந்தது. அதற்குள் அவருக்கு வயது 52. தட்டின் பெயரே "அயோமி". 10 பாட்டு. 10 பாடகர்கள். அந்த 10 பேரில் ஒருவர் யார்? ஓஸி! அந்தப் பாட்டுக்கு டிரம் யார்? பில் வார்டு!

மற்ற இரண்டு பேர்

கீசர் பட்லர்தான் பிளாக் சபத் பாட்டு வரிகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர். அவர் 1995-ல் தன் மருமகனைக் கிட்டார் வாசிக்க வைத்து "பிளாஸ்டிக் பிளானெட்" என்று ஒரு தட்டு போட்டார். படு வேகம். செத்துப் போன கடையை உயிரோடு இருப்பதாகக் காட்டுகிறார் என்று அயோமியைக் குத்துகிற பாட்டு ஒன்றும் அதில் உண்டு. 1997, 2005 என்று இன்னும் இரண்டு தட்டு. விமர்சகர்கள் பாராட்டினார்கள். கல்லாப்பெட்டி நிரம்பவில்லை.

பில் வார்டு 1990-ல் தனித் தட்டு போட்டார். டிரம்காரர் பாடவும் செய்தார். எல்லாப் பாட்டும் அவரால் பாட முடியவில்லை. இரண்டு பாட்டுக்கு ஒரு நண்பர் வந்து குரல் கொடுத்தார். 11 வருடத்துக்கு முன்னால் எந்த நண்பனிடம் போய் வேலை போன தகவலைச் சொன்னாரோ, அந்த ஓஸியேதான்! தட்டு அதிகம் விற்கவில்லை. இருந்தாலும் தேடிக் கேட்க வேண்டிய தட்டு. 4 பேரின் தனிக்கடைச் சரக்கில் பழைய சபத்தின் சாயல் துளியும் இல்லாதது இதுதான்.

போர்டுக்கு வழக்கு

கோஸ்டா மேசாவுக்குத் திரும்புவோம். அந்த 1992 இரவில் ஓஸி தன் பாட்டுகளை முடித்தார். பிறகு அயோமி, கீசர், பில் வார்டு மூவரும் மேடைக்கு வந்தார்கள். 4 பேரும் சேர்ந்து 4 பழைய பாட்டு பாடினார்கள். ரசிகர்கள் அழுதார்கள். இனி ஒன்றாகி விடுவார்கள் என்று எல்லோரும் நினைத்தார்கள். பேச்சு வார்த்தை முறிந்தது. ஓஸியின் "மேடைக்கு முழுக்கு"ம் 3 வருடத்தில் முடிந்து போச்சு. அவர் மறுபடி பாடக் கிளம்பி விட்டார்.

1997 டிசம்பரில்தான் பர்மிங்காமில் 4 பேரும் முழுக் கச்சேரி செய்தார்கள். அது தட்டாக வந்தது. அதில் இருந்த "அயர்ன் மேன்" பாட்டுக்கு 2000-ல் கிராமி பரிசு கிடைத்தது. பாட்டு வந்து 30 வருடம் கழித்துப் பரிசு!

சமாதானம் ஆகி விட்டதா? இல்லை. 2009-ல் ஓஸி கோர்ட்டுக்குப் போனார். "பிளாக் சபத்" என்ற பெயர் தனக்கே சொந்தம் என்று அயோமி எடுத்துக் கொள்ளப் பார்க்கிறார், அதில் எனக்குப் பாதிப் பங்கு என்பது அவர் வழக்கு. நீ போனபோதே உரிமையும் போச்சு என்பது எதிர்த் தரப்பு. யோசித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் அயோமியும் கீசரும் டியோவோடு சேர்ந்து ஊர் ஊராக வாசித்துக் கொண்டிருந்தார்கள். ஆனால் பிளாக் சபத் என்ற பெயரில் அல்ல. "ஹெவன் அண்டு ஹெல்" என்று வேறு பெயரில்! பெயரை வைத்திருந்தவரே அதைப் பீரோவில் பூட்டி வைத்து விட்டு வாசித்தார். 2010 மே 16-ந் தேதி டியோ வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். அந்தக் கோஷ்டியும் முடிந்தது. அதே ஆண்டு பெயர் வழக்கும் வெளியே பேசித் தீர்க்கப்பட்டது.

2011 நவம்பரில் 4 பேரும் மீண்டும் சேர்வதாக அறிவித்தார்கள். 2012 ஜனவரியில் அயோமிக்கு ரத்தத்தோடு சேர்ந்த நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. அவர் சிகிச்சை எடுத்துக் கொண்டே வாசித்தார். அடுத்த மாதம் பில் வார்டு விலகினார். கையெழுத்துப் போடத் தக்க ஒப்பந்தம் தரவில்லை என்றார். பழையபடி பங்குத் தகராறு! வேறு டிரம்மரை வைத்து 2013-ல் வந்த "13" என்ற தட்டு அமெரிக்காவில் முதல் இடம் பிடித்தது. பிளாக் சபத்துக்கு அமெரிக்காவில் முதல் இடம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

2020-ல் ஓஸி தனக்கு நடுக்குவாத நோய் என்று வெளியே சொன்னார். நடக்கச் சிரமம். பாட மட்டும் முடிந்தது. 2022-ல் வந்த அவருடைய "பேஷண்ட் நம்பர் 9" தனித் தட்டில் இரண்டு பாட்டுக்கு வந்து கிட்டார் வாசித்தவர் அயோமி. துரத்திய முதலாளி, துரத்தப்பட்டவன் கடையில் விருந்தாளி! அந்தத் தட்டுக்கு 2 கிராமி. அதில் ஒன்று அயோமி வாசித்த பாட்டுக்கு.

கடைசி மேடை

2025 ஜூலை 5-ந் தேதி. பர்மிங்காமில் வில்லா பார்க் கால்பந்து மைதானம். ஓஸி வளர்ந்த ஆஸ்டன் பேட்டையிலேயே இருக்கிறது. சிறுவனாக இருந்தபோது, ஆட்டம் பார்க்க வருகிறவர்களின் கார்களுக்குக் காவல் நின்று சில்லறை வாங்கிய அதே இடம்.

40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம். ஓஸியால் நிற்க முடியவில்லை. கறுப்புச் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே மேடைக்கு வந்தார். முதலில் தனிக்கடைப் பாட்டு 5. அதில் ரேண்டியோடு செய்த பாட்டுகளே அதிகம். பிறகு மேடை மாறியது. அயோமி வந்தார். கீசர் வந்தார். பில் வார்டும் வந்தார். 4 பேரும் சேர்ந்து மேடை ஏறி 20 வருடம் ஆகி இருந்தது. பழைய கடைப் பாட்டு 4. கடைசியாகப் பாடியது 1970-ல் வந்த "பாரனாய்டு".

17 நாள் கழித்து, ஜூலை 22-ந் தேதி, ஓஸி இறந்தார். வயது 76.

ஜூலை 30-ந் தேதி இறுதி ஊர்வலம் பர்மிங்காம் பிராடு தெரு வழியாக வந்தது. அங்கே கால்வாய்ப் பாலம் ஒன்றுக்கு 2019-ல் "பிளாக் சபத் பாலம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாலத்தில் ஒரு பெஞ்சு. அதில் 4 பேரின் முகம். பெஞ்சு தெரியாத அளவுக்கு ரசிகர்கள் பூவைக் குவித்திருந்தார்கள். சரோன் காரை விட்டு இறங்கி அங்கே வந்து நின்றார்.